டிஸ்சார்ஜ் சம்மரியைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் கடிதம். அடுத்து யார் பார்த்தாலும் என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மருந்து என்பது ஒரே பார்வையில் பிடிபட வேண்டும் என்பதால், அதில் சுருக்கெழுத்துகளும் லத்தீன் மொழியின் மிச்சங்களும் எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் மறுநாள் காலையில் அந்தத் தாளைப் பார்த்து எந்த மாத்திரையை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர், அந்த மொழி தெரியாத நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளோ மகனோதான்.

வாய்மொழியாகக் கேட்டதை நம்பியிருக்கவும் முடியாது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனடியாகவே மறந்துபோகிறது என்று, இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான கட்டுரை ஒன்று குறிப்பிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, வீடு திரும்பிய 400 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் 76 பேருக்கு, நோயினால் அல்லாமல் சிகிச்சையின் விளைவாகவே ஏதேனும் ஒரு பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை மருந்து சார்ந்தவை.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த இடத்தில் உண்மையாகவே உதவுகின்றன. அமெரிக்காவின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவ மையத்தில் 50 டிஸ்சார்ஜ் சம்மரிகளை, சாட்ஜிபிடியை இயக்கிய ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியைக் கொண்டு எளிய நடைக்கு மாற்றிப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு உரிய கடினத்தில் இருந்த தாள்கள், ஆறாம் வகுப்பு மாணவர் படிக்கும் அளவுக்கு எளிமையாயின. ஒவ்வொரு தாளையும் இரண்டு மருத்துவர்கள் சரிபார்த்ததில் கிடைத்த 100 மதிப்பீடுகளில் 18, நோயாளியின் பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்தன. தாளில் இல்லாததைக் கருவி சொன்ன இடங்களும் அவற்றில் இருந்தன; ஆனால் பெரும்பாலான கவலைகள், இருப்பதைச் சொல்லாமல் விட்டது பற்றியவை. தவறாகச் சொன்னதைக் கண்டுபிடித்துவிடலாம். சொல்லாமல் விட்டது கண்ணுக்கே படாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல், அந்த விடுபடலைப் பிடிப்பதற்காகவே அமைந்தவை.

முதல் படி: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

தாளில் இல்லாத ஒன்றை எந்தக் கருவியாலும் விளக்க முடியாது என்பதால், வேலை மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. சம்மரியுடன், பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் அறிக்கைகள், அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பு, மருந்துச் சீட்டு ஆகியவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். செவிலியர் மருந்துகளைப் பற்றி விளக்கும்போது, அவருடைய அனுமதியோடு கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது நல்லது. இன்னும் முடிவு வராத பரிசோதனைகள் எவை, அவற்றை யாரிடம் எப்போது கேட்பது, சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தாளின் ஓரத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். சதைத் துணுக்குப் பரிசோதனை, கிருமி வளர்ப்புப் பரிசோதனை போன்றவற்றின் முடிவுகள், நோயாளி வீட்டுக்குச் சென்ற பிறகு வருவது சாதாரணமாக நடப்பதுதான்.

இரண்டாம் படி: அடையாளங்களை மறைத்தல்

பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், மருத்துவமனைப் பதிவு எண், காப்பீட்டு எண் ஆகியவை எதுவும் விளக்கத்துக்குத் தேவையில்லை. தாளைப் படமெடுக்கும் முன் இவற்றின் மேல் வெள்ளைத் தாள் துண்டை வைத்து மறைத்துவிடுங்கள். பலரும் மறப்பது பார்கோடையும் கியூஆர் குறியீட்டையும்தான். கண்ணுக்குப் புரியாத அந்தக் கோடுகளுக்குள்ளும் அதே பதிவு எண் இருக்கக்கூடும். எடுத்த படத்தின் மேல் கைப்பேசியில் கோடு கிழித்து மறைப்பதைவிட, படமெடுக்கும் முன்பே மறைப்பது உறுதியானது. வயது, ஆணா பெண்ணா, உடல் எடை, ஒவ்வாமை, முன்பே உள்ள நோய்கள் ஆகியவை மட்டும் இருந்தால் போதும். உங்கள் உரையாடல்களைக் கருவியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி செயலியின் அமைப்புகளில் இருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: முதலில் படியெடுக்க மட்டும் சொல்லுங்கள்

படத்தைப் பதிவேற்றியவுடன் "இதை விளக்கு" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிக் கேட்டால், கருவி எழுத்தைச் சரியாகப் படித்ததா என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். படிக்க முடியாத இடத்தை அது பெரும்பாலும் ஊகித்து நிரப்பும். ஊகித்ததையும் தெளிவாகப் படித்ததைப் போன்ற அதே உறுதியோடுதான் எழுதும். ஆகவே முதல் கட்டளை இப்படி இருக்கட்டும்:

"இந்தப் படத்தில் உள்ளதை வரிக்கு வரி அப்படியே தட்டச்சு செய்து கொடு. ஒவ்வொரு வரிக்கும் எண் இடு. எதையும் விளக்காதே, சுருக்காதே, திருத்தாதே. தெளிவாகத் தெரியாத இடத்தில் 'படிக்க முடியவில்லை' என்று எழுது."

வந்த படியையும் மூலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களை மட்டுமாவது விரல் வைத்து ஒப்பிடுங்கள். புள்ளி ஒன்று தொலைந்தால் 2.5 என்பது 25 ஆகிவிடும், 1.0 என்று எழுதியது 10 என்று படிக்கப்படும். இன்சுலின் அளவுக்குப் பின்னால் 'யூனிட்' என்பதற்குப் பதிலாக அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் கையால் எழுதினால், அது பூஜ்யமாகத் தோன்றி 4 யூனிட் 40 ஆன விபத்துகள் மனிதர்களிடமே நடந்திருக்கின்றன. மி.கி. என்பதும் மைக்ரோகிராம் என்பதும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. தைராய்டு மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் வருவது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியை இருமுறை பாருங்கள்.

நான்காம் படி: பகுதி பகுதியாக, வரி எண்ணோடு விளக்கம் கேட்பது

சரிபார்த்த படியைக் கொடுத்து, இப்போது விளக்கம் கேட்கலாம். மூன்று பக்கத் தாளை ஒரே மூச்சில் விளக்கச் சொல்லாமல், நோயறிதல், மருத்துவமனையில் நடந்தது, பரிசோதனை முடிவுகள், மருந்துகள், வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கட்டளையில் ஒரே ஒரு நிபந்தனை கண்டிப்பாக இருக்க வேண்டும்:

"நீ எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், அது மூலத்தின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற எண்ணை எழுது. தாளில் இல்லாத பொது அறிவிலிருந்து நீ சொல்வதை 'பொதுத் தகவல்' என்று குறிப்பிட்டுத் தனியே எழுது. இறுதியில், நீ பயன்படுத்தாத வரிகளின் எண்களைப் பட்டியலிடு."

விடுபடலைப் பிடிக்க நான் அறிந்தவற்றில் மிகப் பயனுள்ள வழி இதுவே. எண் இல்லாத வாக்கியம் இட்டுக்கட்டியதாக இருக்கலாம். எண் வராத வரி விடுபட்ட வரி. கருவி தரும் பயன்படுத்தாத வரிகளின் பட்டியலையும் அப்படியே நம்பிவிடாமல், தாளில் வரி வரியாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தால், பத்து நிமிடத்தில் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

பரிசோதனை முடிவுகளைப் பொறுத்தவரை, அந்த ஆய்வகமே அச்சிட்டுள்ள இயல்பு வரம்பை வைத்துத்தான் விளக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவை ஒரு நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், இன்னொரு நாட்டில் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 18 மடங்கு வேறுபாடு உண்டு.

ஐந்தாம் படி: மருந்துகள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை, பி.டி. என்றால் இருமுறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது என்பதெல்லாம் லத்தீன் சொற்களின் சுருக்கங்கள். எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்து ஏதோ ஆபத்து என்று பதறுபவர்கள் உண்டு; அதற்குத் 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதே பொருள். அதே ஓ.டி. கண் மருத்துவரின் சீட்டில் வந்தால் வலது கண்ணைக் குறிக்கும். சொட்டு மருந்து வரியில் கருவி அதை 'நாளுக்கு ஒருமுறை' என்று விரித்தால், எந்தக் கண்ணில் விடுவது என்ற தகவலே காணாமல் போய்விடும். எனவே சுருக்கங்களை விரிக்கச் சொல்லும்போது, எந்தத் துறையின் தாள் இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ப்ரெட்னிசோலோன் 20 மி.கி. ஓ.டி. 5 நாள், பின் 10 மி.கி. 5 நாள், பின் 5 மி.கி. 5 நாள், பின் நிறுத்தவும்." சுருக்கமாக விளக்கச் சொன்னால், "வீக்கத்தைக் குறைக்கும் ப்ரெட்னிசோலோன் மாத்திரையைத் தினமும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வரக்கூடும். இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற உயிர்நாடி அதில் இல்லை. இத்தகைய ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்த உடல், தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறிப் போகும்.

ஆகவே விளக்கத்தோடு நிற்காமல் நாள்காட்டியாகவே கேளுங்கள். மாதத்தின் 3-ஆம் தேதி தொடங்கினால், 3 முதல் 7 வரை 20 மி.கி., 8 முதல் 12 வரை 10 மி.கி., 13 முதல் 17 வரை 5 மி.கி., 18-இலிருந்து இல்லை என்று வர வேண்டும். வாங்கிய அட்டையில் இருப்பது 10 மி.கி. மாத்திரை என்றால், முதல் ஐந்து நாள் இரண்டு, அடுத்த ஐந்து நாள் ஒன்று, கடைசி ஐந்து நாள் அரை. மொத்தம் பதினேழரை மாத்திரை. மருந்துக் கடையில் கொடுத்தது 18 என்றால் கணக்கு சரி. 30 கொடுத்திருந்தால் எங்கோ ஒரு பிழை இருக்கிறது, கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டும். இந்த எண்ணிக்கைக் கணக்கைக் கருவியிடம் விடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்து, மருத்துவமனைக்குப் போவதற்கு முன் வீட்டில் எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளின் பட்டியலையும் கொடுத்து, தொடர்பவை, புதியவை, அளவு மாறியவை, நிறுத்தப்பட்டவை, தாளில் எதுவுமே சொல்லப்படாதவை என்று ஐந்து கட்டங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது கட்டத்தை நீங்கள் கேட்காவிட்டால் கருவி தானாகத் தராமல் போகலாம். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய இரத்த அழுத்த மாத்திரை சம்மரியில் இல்லை என்றால், அதை நிறுத்தச் சொன்னார்களா, எழுத மறந்தார்களா என்பதை மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும். ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயரில் இருமுறை வருகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, வலி மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பது அரிதல்ல.

வணிகப் பெயரை மட்டும் கொடுத்து இது என்ன மருந்து என்று கேட்காதீர்கள். ஃப்ளோமேக்ஸ் என்ற பெயர் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் மருந்தையும், இத்தாலியில் மோர்னிஃப்ளுமேட் என்ற வீக்க நிவாரணியையும் குறித்திருக்கிறது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மூலக்கூறுப் பெயரைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

வாரம் ஒருமுறை என்று இருக்கும் எதையும் வட்டமிட்டு வையுங்கள். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே நாள் எடுக்க வேண்டிய மருந்து. தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. "தினசரி மருந்து அட்டவணை போட்டுக் கொடு" என்று கேட்டால், கருவி எல்லா மருந்தையும் அந்தத் தினசரிக் கட்டத்துக்குள் திணிக்கப் பார்க்கும். வாராந்திர மருந்துக்குத் தனி அட்டவணை கேளுங்கள்.

ஆறாம் படி: தமிழில் கேட்கும்போது

2021-இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரச் சிகிச்சைப் பிரிவின் அறிவுரைகளைக் கூகுள் டிரான்ஸ்லேட் ஏழு மொழிகளில் மொழிபெயர்த்ததைச் சரிபார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் 94 விழுக்காடு சரியாக இருந்தது. ஆர்மீனிய மொழியில் 55 விழுக்காடுதான். வலிக்கு இபுப்ரோஃபென் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி, ஆர்மீனிய மொழியில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்ததாம். இன்றைய கருவிகள் அதைவிட வெகுவாக முன்னேறியவை. ஆனாலும் இணையத்தில் உரைகள் குறைவாக உள்ள மொழிகளில் தடுமாற்றம் அதிகம் என்ற அடிப்படை மாறிவிடவில்லை.

தமிழில் வரும் தடுமாற்றங்கள் ஏவுகணை அளவுக்குச் சிரிப்பூட்டுவதில்லை, அதனாலேயே கண்ணில் படுவதுமில்லை. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பது 'இதயச் செயலிழப்பு' என்று வரும். கலைச்சொல் அகராதிப்படி அது சரி. ஆனால் படிக்கும் தாய்க்கு, இதயம் நின்றுவிட்டது என்றே தோன்றும். இரத்தத்தை வெளியே தள்ளும் ஆற்றல் குறைந்திருக்கிறது என்பதுதான் அங்கே பொருள். தையலிட்ட இடத்தில் 'டிஸ்சார்ஜ்' வருகிறதா என்று கவனிக்கச் சொன்னால், அது சீழ் அல்லது நீர்க் கசிவு. வீட்டுக்கு அனுப்புவது அல்ல. 'நோயாளி நெஞ்சுவலியை மறுக்கிறார்' என்று வந்தால், யாரும் பொய் சொல்லவில்லை. நெஞ்சுவலி இல்லை என்று கூறினார், அவ்வளவே. 'நெகட்டிவ்' என்பது பெரும்பாலும் நல்ல செய்தி.

எதிர்த்திசையிலும் குழப்பம் வரும். சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பதை நம் பேச்சு வழக்கில் 'உப்பு கூடியிருக்கிறது' என்கிறோம். அதை அப்படியே தட்டச்சு செய்தால், கருவி அதைச் சோடியம் என்றோ சமையல் உப்பு என்றோ எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அறிவுரை சொல்லும். தாளில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள்.

மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கானது, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கானது. ஆங்கிலத்திலேயே குழம்பும் இந்த இணை, தமிழ் எழுத்தில் இன்னும் நெருங்கிவிடும். அட்டையில் உள்ள எழுத்தும் தாளில் உள்ள எழுத்தும் ஒத்திருந்தால்தான் கண்ணால் ஒப்பிட முடியும். விளக்கம் தமிழில் இருக்கட்டும், பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

தமிழ் விளக்கம் முடிந்ததும், புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, மூலத் தாளைக் காட்டாமல் தமிழ் வடிவத்தை மட்டும் கொடுத்து மருத்துவ ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்ததில் அளவோ, வேளையோ, நாட்களோ மூலத்தோடு பொருந்தாவிட்டால், தமிழ் வாக்கியம் எங்கோ நழுவியிருக்கிறது என்று பொருள். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்பது இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டும்.

ஏழாம் படி: எச்சரிக்கை அறிகுறிகள்

எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எது வந்தால் மறுநாள் தொலைபேசியில் கேட்டால் போதும் என்று இரண்டு பட்டியலாகக் கேளுங்கள். தாளில் உள்ளவை தனியாக, கருவி சேர்ப்பவை தனியாக இருக்க வேண்டும். இது முன்னேற்பாட்டுக்காக மட்டுமே. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவை வந்துவிட்ட பிறகு தட்டச்சு செய்துகொண்டிருக்கக் கூடாது. அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

எட்டாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்தக் கருவிகளுக்கு நாம் சொல்வதற்குத் தலையாட்டும் குணம் உண்டு. "வலி போய்விட்டது, இந்த மாத்திரையை நிறுத்தலாம்தானே?" என்று கேட்டால், நிறுத்துவதற்கான காரணங்களைத் தேடிக் கொடுக்கக்கூடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். நிறுத்தலாமா, கூட்டலாமா, மாற்றலாமா என்ற கேள்விகளுக்கான விடையைக் கருவியிடம் கேட்காமல், அவற்றை மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்று கேளுங்கள்: "இந்தத் தாளில் தெளிவில்லாதவை, ஒன்றுக்கொன்று முரண்படுபவை, சொல்லப்படாதவை எவை? மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகளாக, முக்கியமானது முதலில் வரும்படி எழுது." ஐந்துக்கு மேல் போனால் மருத்துவரின் நேரமும் போதாது, நமக்கும் கடைசிக் கேள்விகளைக் கேட்கக் கூச்சமாகிவிடும்.

பின்னர், விளக்கத்தை நோயாளிக்குப் படித்துக் காட்டிவிட்டு, அவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பார்கள். "நாளைக்குக் காலையில் எதை எதை எடுத்துக்கொள்வீர்கள், எனக்குச் சொல்லுங்களேன், அப்பா" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். செவிலியர்கள் பல காலமாகக் கையாளும் முறை இது. அவர் தடுமாறிய இடத்தைக் கருவியிடம் சொல்லி, அந்த வரியை மட்டும் வேறு விதமாக எழுதி வாங்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மேலே தேதியை எழுதி, மூலத் தாளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவர் ஏதேனும் ஒரு மருந்தை மாற்றினால், பழைய உரையாடலிலேயே "இதை மாற்றிக்கொள்" என்று தொடராதீர்கள். மேலே கிடக்கும் பழைய அளவு, பத்துக் கேள்விக்குப் பிறகு புதிய அட்டவணைக்குள் மீண்டும் தலைகாட்டுவது உண்டு. பழைய பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, புதிய சீட்டைப் புதிய உரையாடலில் படியெடுப்பதிலிருந்து தொடங்குங்கள்.